பழைய காரை வீட்டிலேயே புதுப்பிக்கிறீங்களா? முதல்ல பிரேக்கைக் கழட்டுங்க

போன ஞாயிற்றுக்கிழமை என்னோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் படத்தை இங்கே போட்டேன். சுகர், பிரஷர், நாய்க்கடி ஊசின்னு எழுதினா நாலு பேர் எட்டிப் பார்த்துட்டுப் போற பக்கம் இது. அன்னைக்கு மட்டும் இன்பாக்ஸ் நிரம்பி வழிஞ்சது. சந்தோஷம்தான். ஆனா பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், எஞ்சின் மாத்திட்டீங்களா? எவ்வளவு குதிரைத்திறன் வருது?"

பிரேக் என்ன போட்டிருக்கீங்கன்னு ஒருத்தர்கூடக் கேட்கல.

அவங்களைக் குறை சொல்லல. நாலு வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் இருந்தேன். ஜவ்வாது மலை இறக்கத்துல ஒரு நாள் எனக்குப் புத்தி வந்தது. அதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல இந்தக் காரைப் பத்தி. இளைய தலைமுறைக்கு ஹெரால்டுன்னா தெரியாது. ஒரு காலத்துல இந்தியாவுல கார்னா மூணே மூணுதான்: கல்கத்தா அம்பாசிடர், பம்பாய் ஃபியட், நம்ம மெட்ராஸ் ஹெரால்டு. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல கொண்டுவந்த காரை, 1961-ல இருந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செஞ்சது. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிக்கலாட்டி. இதே ஹெரால்டோட சேசிஸைச் சுருக்கித்தான் 1962-ல ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் காரைப் பண்ணாங்க. அதையும் வரைஞ்சது அதே மிக்கலாட்டிதான். அதனால ஹெரால்டு வெச்சிருக்கிற ஒவ்வொருத்தன் மனசுக்குள்ளயும், 'நம்மகிட்ட இருக்கிறது ஸ்போர்ட்ஸ் காரோட பங்காளி'ன்னு ஒரு நினைப்பு ஓடிக்கிட்டே இருக்கும். எனக்கும் இருக்கு.

வீட்டுல வெச்சு புதுப்பிக்க இதைவிட வசதியான கார் கிடையாது. இப்போ வர்ற கார் மாதிரி பாடியும் சேசிஸும் ஒரே துண்டு இல்ல. சேசிஸ் தனி, அதுமேல பாடி துண்டு துண்டா போல்ட் போட்டு நிக்கும். நாலு பேர் இருந்தா கழட்டி முற்றத்துல அடுக்கிடலாம். பானெட் மட்கார்டோட சேர்த்து முன்பக்கமா மொத்தமா திறக்கும். முன் டயர்மேல உட்கார்ந்துகிட்டு காபி குடிச்சபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். இன்னொரு அதிசயம், வெறும் 25 அடி வட்டத்துல திரும்பிடும். கொண்டை ஊசி வளைவுக்குன்னே பொறந்த கார்னு நினைச்சு வாங்கினேன்.

திருப்பத்தூர் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில வைக்கோலுக்குப் பின்னாடி நின்னுச்சு. ரெண்டு வருஷம் ஞாயிறு ஞாயிறா உழைச்சேன். எஞ்சினை இறக்கி, லேத்துல கொடுத்து போர் போட்டேன். கார்புரேட்டர் புதுசு. டிங்கரிங், பட்டி, பெயிண்ட், சீட்டுக்குத் தோல், பம்பருக்கு நிக்கல். பிரேக்? மிதிச்சுப் பார்த்தேன், பெடல் கெட்டியா இருந்தது. குறைஞ்ச ஆயிலை ஊத்தி மூடிட்டேன். நோயாளி நடந்து வர்றார்ங்கிறதுக்காக இதயம் நல்லா இருக்குன்னு சொல்ற டாக்டரை நீங்க என்ன சொல்வீங்க? அதே வேலையைத்தான் நான் செஞ்சேன்.

முதல் நீண்ட பயணம் போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர். ஏறும்போது கார் அப்படி ஒரு அழகா ஏறுச்சு. நான் முன்னாடி மலைமேல ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்தவன், அதனால வழியெல்லாம் தெரிஞ்ச முகங்கள். "டாக்டர் சார், வண்டி புதுசா?"ன்னு கேட்டாங்க. அறுபது வருஷக் காரைப் பார்த்து அந்தக் கேள்வி வந்தா எவனுக்குத்தான் தலைக்கு ஏறாது.

இறங்கும்போது சாயங்காலம். மூணாவது கியர்ல, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். பாதி இறக்கத்துல பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரி ஆச்சு. அடுத்த வளைவுல பாதி வரைக்கும் இறங்குச்சு. அதுக்கடுத்த வளைவுல தரையைத் தொட்டுடுச்சு. கால் கீழ போகுது, கார் நிக்கல. முன்னால வளைவோட வெளி ஓரத்துல ஒரு அம்மா தலையில சுமையோட நடந்து வர்றாங்க, கூட ரெண்டு பசங்க.

எப்படி ரெண்டாவது கியர் போட்டேன்னு இன்னிக்கும் தெரியாது. கியர் பெட்டி கத்துச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் இருந்த வாய்க்கால்ல இடது சக்கரத்தை இறக்கி, பாறையில உரசி நிறுத்தினேன். பெயிண்ட் போச்சு. அந்த அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல பத்தடி இருந்திருக்கும். பசங்க காரைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே போனாங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஸ்டியரிங்ல இருந்து என் கை பிரிய ரொம்ப நேரம் ஆச்சு.

பின்னாடியே வந்த ஷேர் ஜீப் டிரைவர் இறங்கி வந்தார். பெடலை மிதிச்சுப் பார்த்தார், சக்கரத்துக்கிட்ட மோந்து பார்த்தார். "டாக்டர் சார், ஆயில் கொதிச்சுப் போச்சு. அரை மணி நேரம் நிக்கட்டும், பெடல் தானா வரும். எறக்கத்துல ரெண்டாவது கியர்தான் பிரேக்கு. காலால மிதிக்கிறது சும்மா துணைக்குத்தான்" அப்படின்னார். அவர் சொன்ன மாதிரியே அரை மணியில பெடல் திரும்பி வந்துச்சு. அதுதான் இன்னும் பயங்கரம். நிறுத்திப் பார்க்கிற எந்த மெக்கானிக்கும் 'பிரேக் நல்லாத்தானே சார் இருக்கு'ன்னு சொல்லி அனுப்பிடுவார்.

என்ன ஆச்சுன்னு கணக்காவே சொல்றேன். ஆளோட சேர்த்து 950 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்குது. அந்த ஆற்றல் எங்கேயாவது போயாகணும். எல்லாத்தையும் பிரேக் வாங்கிக்கிட்டா, சுமார் 14 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு அது. பெரிய குண்டான் நிறைய வெந்நீர்! அந்தச் சூடு முழுக்க நாலு சின்ன இரும்பு டிரம்முக்குள்ள அடைபடுது.

பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதுசா இருக்கும்போது 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். தண்ணி சேர்ந்துட்டா 140 டிகிரி போதும். ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்கினா அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அமுக்கினா அது சுருங்கும், அவ்வளவுதான். என் கார்ல இருந்தது எத்தனை வருஷத்து ஆயிலோ, அதுமேலதான் நான் புதுசை ஊத்தி மூடியிருந்தேன். அதோட, அந்தக் காலத்து ஹெரால்டுல நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழிதான். ஒரு இடத்துல போனா நாலும் போச்சு.

இப்போ என் கார்ல முன்சக்கரத்துக்கு டிஸ்க். இங்கிலாந்துல ட்ரையம்ஃப் பாகங்கள் இன்னும் கிடைக்குது, உறவுக்காரப் பையன் மூலமா வரவழைச்சேன். ரெண்டு வழியா பிரியுற மாஸ்டர் சிலிண்டர், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு. டாட் 4 ஆயில், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமா மாத்துறேன். இவ்வளவுக்கும் ஆன செலவு, நான் பெயிண்ட்டுக்குக் கொடுத்ததுல மூணுல ஒரு பங்குகூட இல்ல.

அடுத்தது பின்சக்கரம். ஸ்போர்ட்ஸ் கார் பங்காளின்னு சொன்னேன் இல்லையா, அந்த உறவுல வந்த சீக்கு இது. ஹெரால்டுலயும் ஸ்பிட்ஃபயர்லயும் பின்பக்கம் 'ஸ்விங் ஆக்சில்'. சக்கரமும் அதோட தண்டும் சேர்ந்து, நடு டிஃபரன்ஷியல்கிட்ட இருக்கிற ஒரு மூட்டுல மேலயும் கீழயும் ஆடும். நேரா போகும்போது சொகுசு. வளைவுல வேகமா நுழைஞ்சு, பயந்துபோய் திடீர்னு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா கதை மாறும். காரோட பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில மடங்கும். கணுக்கால் பிசகுற மாதிரியேதான். முழு எடையும் ஒரு காலில் இருக்கும்போது பாதம் உள்பக்கமா பிரண்டா என்ன ஆகும்? ஆள் விழுவார். இங்கே கார் சுத்தும், சில சமயம் உருளும்.

இது என் கற்பனை இல்ல. அமெரிக்காவுல ஷெவர்லே கார்வேர்ங்கிற காரோட இதே பின் அமைப்பைத்தான் ரால்ஃப் நாடர் 1965-ல எழுதின புத்தகத்தோட முதல் அத்தியாயத்துல கிழிச்சார். கார் கம்பெனிகளைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள இழுத்த புத்தகங்கள்ல அது முக்கியமானது. ஸ்பிட்ஃபயர்ல 1970-ல நாலாவது மாடல் வந்தப்போ பட்டை ஸ்பிரிங்கையே நடுவுல ஆடுற மாதிரி மாத்தி இந்தக் குறையைப் பெரிய அளவுல குறைச்சாங்க. நம்ம ஊர்ல 1972-ல ஹெரால்டுக்குப் பதிலா வந்த கேசல் கார்ல ஸ்விங் ஆக்சிலையே தூக்கிட்டு சாதாரண ஆக்சில் வெச்சாங்க. அப்போ, உங்க ஹெரால்டுல 35 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துட்டு எஸ்டீம் எஞ்சினைப் போட்டு, பின்னாடி மட்டும் 1961-ஐ அப்படியே விட்டா அது மேம்படுத்தினதா? கணுக்கால் சரியில்லாத ஆளை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புற வேலை.

"சார், நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்"னு சொல்வீங்க. எஞ்சின்ல பலம் இருக்கும்போது யாரும் மெதுவா ஓட்டினதா என் அனுபவத்துல இல்ல. அந்த மலையில சாலைங்கிறது கார் ஓட்டுறவங்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல. சாமை மூட்டை, புளி மூட்டை தூக்கிட்டு நடக்குறவங்க, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க, ஆடு மாடு, எல்லாத்துக்கும் அந்த ஒரே தார் ரோடுதான். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அவங்களுக்கு அது தினசரி. 2022 ஏப்ரல்ல அதே ஜவ்வாது மலையில, புதூர்நாடு பக்கம் சேம்பரை கோயிலுக்குப் போன வேன் பள்ளத்துல கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த வண்டி வேற, அதுக்கான காரணமும் வேற. ஆனா மலைச்சரிவு எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்.

இப்போ சீட் பெல்ட். இதை எழுதும்போது எனக்குக் கோபமே வரும். மூணு முனை சீட் பெல்ட்டை வால்வோ கம்பெனி பொறியாளர் நீல்ஸ் போலின் கொண்டுவந்தது 1959-ல. ஹெரால்டு பொறந்த அதே வருஷம். ஆனா நம்ம ஊர் ஹெரால்டுல பெல்ட் இல்ல. "ஒரிஜினாலிட்டி போயிடும் டாக்டர்"னு அதை இன்னிக்கும் மாட்டாம இருக்கிற கார் பிரியர்களை எனக்குத் தெரியும். அம்மை குத்துறதுகூடத்தான் மனுஷ உடம்புல ஒரிஜினல் இல்ல.

50 கிலோமீட்டர் வேகத்துல மோதுறதுங்கிறது மூணாவது மாடியில இருந்து விழுறதுக்குச் சமம். பெல்ட் இல்லாதவர் நெஞ்சு ஸ்டியரிங்குல அடிக்கும், முகம் கண்ணாடியில. முட்டி டேஷ்போர்டுல மோதி, தொடை எலும்பு இடுப்பு மூட்டுல இருந்து பின்பக்கமா நழுவும். எலும்பு டாக்டர்கள் இதை 'டேஷ்போர்டு இஞ்சுரி'ன்னே கூப்பிடுவாங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள மூட்டைத் திரும்ப உட்கார வைக்கணும். தாமதமாக ஆக, தொடை எலும்போட தலைக்குப் போற ரத்த ஓட்டம் கெடும். பிழைச்சாலும் நடை போச்சு. மலை மேல விபத்து நடந்து, பள்ளத்துல இருந்து தூக்கி, ஆம்புலன்ஸ் வந்து, வேலூரோ திருவண்ணாமலையோ போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு அங்கே வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். மத்திய அரசு அறிக்கைப்படி 2022-ல இந்தியச் சாலைகள்ல 1,68,491 பேர் இறந்தாங்க. அதுல 16,715 பேர் சீட் பெல்ட் போடாதவங்க.

பெல்ட் வாங்கி மாட்டினா மட்டும் போதாது. அதைப் பிடிச்சு நிக்கிற இடம் முக்கியம். ஹெரால்டோட தரைத் தகடு துருப்பிடிக்கிறதுல பேர் போனது. துருத் தகட்டுல போல்ட் போட்டா, மோதும்போது அப்பளம் மாதிரி பிய்ச்சுக்கிட்டு வந்துடும். நல்ல தகடு வெட்டி வெல்டு பண்ணி, அடியில தடிமனான இரும்புப் பட்டை கொடுத்து, அதுல போடுங்க. ரெண்டு கதவு கார்ல முன்சீட் முன்னால மடியும். அதுக்குப் பூட்டு இருக்கான்னும் பாருங்க. டயர் பார்க்க நல்லா இருக்கலாம், பக்கவாட்டுல நாலு இலக்க எண்ணைத் தேடுங்க. 2314-ன்னு இருந்தா 2014-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. அந்த டயரை ஊஞ்சலுக்குக் கட்டிக்கோங்க.

சட்டம் பத்தியும் கேட்டிருந்தீங்க. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ்னு பதிய 2021-ல மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 'விஏ'ன்னு தனி வரிசை எண், புதுசா பதிய 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருந்தா அந்தப் பதிவு கிடையாது. கண்காட்சி, பேரணி மாதிரி தேவைக்குத்தான் ஓட்டலாம், தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. சாதாரணப் பதிவுலயே வெச்சிருந்தாலும், ஆர்சி புத்தகத்துல இருக்கிறதுக்கு மாறா எஞ்சினை மாத்தணும்னா ஆர்டிஓ அனுமதி வேணும். பிரேக் உட்பட என்ன மாத்தினாலும் முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு, இன்சூரன்ஸுக்கும் எழுத்துல சொல்லி வைங்க. விபத்துக்கு அப்புறம் சொன்னா அவங்க காதுல விழாது.

ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கொட்டகையிலேயே ஆள் சாகலாம். டாக்டரா இதைச் சொல்லாம விட முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். ஒரு ஜோடி இரும்பு ஸ்டாண்டு வாங்குங்க. பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழட்டினதும் வாயால ஊதுறது, கம்ப்ரசர்ல அடிக்கிறது, ரெண்டும் கூடாது. தண்ணி தெளிச்சு ஈரத்துணியால துடைங்க. அந்தத் தூசி நுரையீரல் உறையில புற்றுநோயா வர்றதுக்கு முப்பது நாற்பது வருஷம்கூட ஆகலாம், அப்போ இந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழைய பெயிண்ட்டுல ஈயம் இருக்கும், உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பக்கத்துல பிள்ளைங்க விளையாடக் கூடாது.

மூடின ஷெட்டுல எஞ்சினை ஓடவிட்டு டியூன் பண்ணாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ரத்தத்துல ஒட்டிக்கும். தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்க மாட்டீங்க.

இன்னொண்ணு, ட்யூப் போட்டு வாயால பெட்ரோல் உறிஞ்சுறது! ஒரு மடக்கு நுரையீரலுக்குள்ள போனா அது கெமிக்கல் நிமோனியா. அப்படி யாராவது வந்தா உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், வாந்தியில வர்ற பெட்ரோல்தான் மறுபடி நுரையீரலுக்குள்ள போகும். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. இருபது ரூபாய்க்குக் கை பம்பு கிடைக்கும்னு சொல்ல ஆசைதான், இப்போ விலை ஏறியிருக்கும். எவ்வளவா இருந்தாலும் வாங்குங்க.

இவ்வளவு பயமுறுத்துறீங்களே, இந்தப் பொழுதுபோக்கே வேண்டாமான்னு வீட்டம்மா ஒருத்தர் கேட்டிருந்தாங்க. வேணும்மா. வேலை முடிஞ்சு வந்து கையில கிரீஸ் ஆகுற அந்த ரெண்டு மணி நேரம் என் பிரஷருக்கு எந்த மாத்திரையும் செய்யாததைச் செய்யுது. வேலையோட வரிசையை மட்டும் மாத்தச் சொல்றேன். முதல்ல பிரேக், டயர், ஸ்டியரிங் மூட்டுகள். அப்புறம் துரு, பெல்ட். பெயிண்ட்டும் நிக்கலும் கடைசியில பளபளக்கட்டும்.

இப்பவும் மாசம் ஒரு ஞாயிறு ஜமுனாமரத்தூர் போறேன். ஏறின கியர்லயே இறங்குறேன், அதாவது ரெண்டாவது. முப்பதைத் தாண்ட மாட்டேன். பின்னாடி ஹாரன் அடிச்சா ஒதுங்கி வழி விடுறேன். அந்த ஜீப் டிரைவர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் கையை ஆட்டி, ரெண்டு விரலைக் காட்டிட்டுப் போவார்.

கேட்டவங்களுக்குப் பதில்: எஞ்சின் மாத்தல. அதே 948 சிசிதான்.